இடம் சரி, தேதி தவறு: ஒரு பழைய ஜி.பி.எஸ். கருவி நடத்திய பாடம்

"தூக்கிப் போட்டுருங்க மாப்ள. அதுக்குக் கிறுக்குப் புடிச்சு அஞ்சாறு வருசமாச்சு."

2025 பொங்கல் விடுமுறையில் தொண்டிப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். பரணில் கிடந்த ஒரு சிறிய கருவியைக் கையில் எடுத்தபோது அவர் சொன்ன வார்த்தைகள் இவை. அது ஒரு கையடக்க ஜி.பி.எஸ். கருவி. பாய் கட்டிய வள்ளத்தில் இன்ஜின் கிடையாது. பெரிய பேட்டரியும் கிடையாது. அதனால் இரண்டு பென்சில் செல்லில் ஓடும் இந்தக் கருவியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அவர் பல ஆண்டுகள் கடலுக்குப் போய் வந்திருக்கிறார். 2019-இல் ஒரு நாள் அது திடீரென்று 1999 என்று தேதி காட்டியதாம். "தேதியே தெரியாதது எடத்த எப்படிச் சொல்லும்?" என்று ஒதுக்கிவிட்டு, வேறு கருவி வாங்கிவிட்டார்.

நான் சிறுமலையில் அரசுப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பில் 'நிலவரைபடத் திறன்கள்' பாடத்தைத் தொடங்கவிருந்தார். உடைந்த கருவியாக இருந்தாலும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று எடுத்து வந்தேன். காட்டிவிட்டு அலமாரியில் வைப்பதுதான் என் திட்டம். ஆனால் அது ஒரு வாரத்துக்கும் மேலாக எங்களைப் பாடம் படிக்க வைத்தது. அந்தப் படிநிலைகளை வரிசையாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

படி 1: உயிர் இருக்கிறதா?

புதிய செல் போட்டோம். திரையில் எதுவும் வரவில்லை. "செத்துப்போச்சு சார்" என்றது வகுப்பு. "எது செத்தது? செல்லா, கம்பியா, கருவியா?" என்று கேட்டேன். மல்டிமீட்டரில் செல்லை அளந்தோம், 1.5 வோல்ட் இருந்தது. ஆக, செல் குற்றவாளி இல்லை. செல் உட்காரும் இடத்தைப் பார்த்தோம். ஸ்பிரிங்கின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குப் படிந்திருந்தது. பழைய செல்லிலிருந்து கசிந்ததும் கடல் உப்பும் சேர்ந்து செய்த வேலை.

அல்கலைன் செல்லில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். காரத்தை எது நடுநிலையாக்கும்? எலுமிச்சைக்குப் பேர்போன மலையில் அமிலத்துக்கா பஞ்சம்! கையுறை அணிந்துகொண்டு, பஞ்சில் இரண்டு சொட்டுச் சாறு தொட்டு, பொருக்கைத் துடைத்தேன். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு மணி நேரம் உலரவிட்டேன். (கசிந்த செல்லை மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும்.) மறுபடி செல் போட்டதும் திரை விழித்துக்கொண்டது. அமிலம், காரம் பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைத்ததில்லை.

படி 2: வானம் தெரிகிறதா?

அடுத்த நாள், ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. கருவி ஓடியது. ஆனால் 'செயற்கைக்கோள்களைத் தேடுகிறேன்' என்றே நின்றது. மாணவர்களிடம் காரணங்களைக் கேட்டு, சரி தவறு சொல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். கூரை மறைக்கிறது, மரம் மறைக்கிறது, பனிமூட்டம் மறைக்கிறது, கருவி கெட்டுவிட்டது. நான்கு காரணங்கள். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம்; மற்றதை அப்படியே விடுவோம்; நேரத்தைக் குறிப்போம்" என்பது விதி.

வகுப்பறையில் பத்து நிமிடம்: ஒன்றும் இல்லை. சில்வர் ஓக் மரத்தடியில் ஐந்து நிமிடம்: ஒன்றிரண்டு கோடுகள் தோன்றி மறைந்தன. திறந்த மைதானத்தில் வைத்தோம். கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பதினேழாவது நிமிடத்தில் இடம் காட்டியது. அணைத்துவிட்டு உடனே மீண்டும் போட்டபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் முதல் தடவை அவ்வளவு நேரம்? செயற்கைக்கோள்கள் எல்லாம் சுமாராக எங்கெங்கே இருக்கும் என்ற பட்டியலை ஒவ்வொரு செயற்கைக்கோளும் துண்டுதுண்டாக ஒலிபரப்புகிறது. முழுப் பட்டியலையும் வாங்கி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். ஆண்டுக்கணக்கில் தூங்கிய கருவியிடம் அந்தப் பட்டியல் இல்லை. கடைசியாக இருந்த இடமும் நினைவில் இல்லை. நீண்ட விடுப்புக்குப் பின் வரும் பிள்ளை முதல் நாள் விழிப்பது போலத்தான். அவசரப்பட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அணைத்து அணைத்துப் போட்டால் பட்டியல் ஒருபோதும் முழுமையாகாது. பழைய கருவியைக் 'கெட்டுவிட்டது' என்று பலரும் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

பனிமூட்டம்? அடுத்த வாரம் ஒரு காலை, எதிரே நிற்பவர் தெரியாத மூட்டத்தில் அதே மைதானத்தில் வைத்துப் பார்த்தோம். வேறுபாடே இல்லை. ஈர இலைகள் அடர்ந்த மரத்தடியில் மட்டும் கோடுகள் குறைந்தன. பனிமூட்டம் என்று அடித்துச் சொன்ன மாணவனே கரும்பலகைக்கு வந்து அந்த வரியை அடித்தான். முகத்தில் வருத்தம் இல்லை.

படி 3: சொல்வதைச் சரியாகப் படிக்கிறோமா?

திரையில் வந்த இடம்: வடக்கு 10 டிகிரி 11.6 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 59.8 நிமிடம். "கைபேசி வரைபடத்தில் இதைத் தேடிச் சரிபாருங்கள்" என்று உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் சிரிப்புச் சத்தம். "சார், நம்ம பள்ளிக்கூடம் பெரியகுளம் பக்கம் போயிருச்சு!"

எட்டுப் பேர் 10.116 என்றும் 77.598 என்றும் தட்டியிருந்தார்கள். நேர்கோட்டில் ஏறத்தாழ 44 கி.மீ. தள்ளி. கருவி தவறா? இல்லை. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 11.6-ஐ 60-ஆல் வகுத்தால் 0.1933, எனவே 10.1933. அதேபோல் 59.8 வகுத்தல் 60 என்பது 0.9967, எனவே 77.9967. இப்போது புள்ளி எங்கள் மைதானத்தில் வந்து உட்கார்ந்தது.

நிலத்தில் இது சிரிப்பு. கடலில்? 1974-இல் பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எல்லை வகுத்த ஒப்பந்தம், ஆறு புள்ளிகளை டிகிரி, நிமிடத்தில்தான் சொல்கிறது. அவற்றில் ஒன்று வடக்கு 9 டிகிரி 21.80 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 30.70 நிமிடம். இதன் கிழக்கு அளவை 79.307 என்று படித்துவிட்டால் எவ்வளவு தள்ளும் என்று கணக்கிடச் சொன்னேன். சரியான விடை 79.5117. வித்தியாசம் சுமார் 0.205 டிகிரி. அந்த இடத்தில் தீர்க்கக்கோட்டின் ஒரு டிகிரி ஏறத்தாழ 110 கி.மீ. ஆக, 22 கி.மீ.க்கு மேல்! எல்லை எங்கே என்ற கணக்கே அவ்வளவு தள்ளிப்போகும். வகுப்பு சட்டென்று அமைதியானது. கடலையே பார்த்திராத பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். ஒரு தசமப் புள்ளி ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

(பழைய நிலவரைபடத் தாளோடு ஒப்பிடும் ஆசிரியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தாள்கள் புவியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் அளவையைக் கொண்டவை, ஜி.பி.எஸ். வேறு அளவையைக் கொண்டது. கருவியின் அமைப்பில் மாற்றிக்கொள்ளாவிட்டால் நூறு மீட்டர் அளவில் விலகல் வரலாம்.)

படி 4: தேதி

இடம் சரி என்று உறுதியானது. தேதி? அதே வெள்ளிக்கிழமை கருவி காட்டியது 2005 ஜூன் 10. "நாங்க பொறக்கவே இல்லையே சார்!" என்று ஒரே ஆரவாரம். "இந்தப் பகுதி பழுது, விட்டுவிடலாம்" என்று நான் அணைக்கப் போனேன். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "சார், கிழமை மட்டும் சரியா வெள்ளின்னு காட்டுதே. அது எப்படி?" என்றாள்.

அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். கணக்குத் தேர்வுகளில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். அவளுடைய கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. "தெரியலம்மா. முதல்ல எத்தனை நாள் பின்தங்கியிருக்குன்னு பாப்போம்" என்றேன்.

2005 ஜூன் 10 முதல் 2024 ஜூன் 10 வரை 19 ஆண்டுகள், இடையில் 5 லீப் நாட்கள், 6,940 நாட்கள். அங்கிருந்து 2025 ஜனவரி 24 வரை 228 நாட்கள். கூட்டினால் 7,168. கிழமை மாறவில்லை என்றால் ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுத்தார்கள்: சரியாக 1,024 வாரங்கள். "போன் மெமரில வர்ற நம்பர் சார்" என்றான் ஒருவன். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. பழுது என்றால் ஏதோ ஓர் எண் வரும்; இவ்வளவு அழகான எண் வராது. இது பழுதில்லை, கணக்கு என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. திங்கட்கிழமை விடையோடு வருவதாகச் சொன்னேன். தேடிப் படித்துவிட்டு வந்தேன்.

விடை இதுதான். ஜி.பி.எஸ். தன் வாரங்களை 1980 ஜனவரி 6 முதல் எண்ணுகிறது. அந்த எண்ணைச் சொல்ல அதன் பழைய செய்தி வடிவத்தில் பத்து ஈரிலக்க இடங்கள்தான் ஒதுக்கப்பட்டன. 0 முதல் 1,023 வரை சொல்லலாம். அதற்கடுத்த வாரம் மீண்டும் 0. இந்தச் சுற்று முதன்முறை 1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவிலும், இரண்டாம் முறை 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் முடிந்தது. அடுத்தது 2038 நவம்பரில். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவிக்குள் உள்ள மென்பொருள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். பழைய மென்பொருளுக்கு இரண்டாம் சுற்றுக்கு மேல் தெரியாது. மாமனாரின் கருவி 2019-இல் 1999-க்குத் தாவியது இதனால்தான். புதிய செய்தி வடிவத்தில் பதின்மூன்று இடங்கள் தந்திருக்கிறார்கள். அது 8,192 வாரம், ஏறத்தாழ 157 ஆண்டு தாங்கும்.

வகுப்பில் இதை விளக்க எனக்கு ஈரிலக்க எண் தேவைப்படவில்லை. நம் பஞ்சாங்கம் போதுமாக இருந்தது. "இப்போது நடப்பது குரோதி வருடம். ஒரு தாத்தா குரோதியில் பிறந்தேன் என்கிறார். எந்த ஆண்டு?" 2024-ஆ, 1964-ஆ? பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. தாத்தாவின் நரையைப் பார்த்து நாம் 1964 என்கிறோம். கருவிக்கு நரை பார்க்கத் தெரியாது. பழைய குரோதியையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் இடம் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? அந்த மாணவியே கேட்டாள். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து ஒவ்வொரு செயற்கைக்கோளும் 'இந்த வாரம், இத்தனையாவது நொடி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சைகை வந்துசேர ஆகும் நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். கருவியின் சொந்தக் கடிகாரம் அவ்வளவு துல்லியமில்லாததால், அதன் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. இந்தக் கணக்கு முழுவதும் வாரத்துக்குள் இருக்கும் நொடியில் நடக்கிறது. எந்தச் சுற்றின் வாரம் என்பது இரு பக்கமும் ஒன்றாகவே இருப்பதால், கழிக்கும்போது அது காணாமல் போய்விடுகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் தவறும். ஆனால் 19 ஆண்டுக்கு மேல் தேதி தவறினாலும் இடம் தவறுவதில்லை!

செயல்பாடு: பத்து விரல் அல்ல, பத்துப் பேர்

பத்து மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள். வலக்கோடியில் இருப்பவர் 1, அடுத்தவர் 2, பிறகு 4, 8 என்று இரட்டித்து இடக்கோடியில் 512. கை தூக்கினால் அந்த எண் சேரும். முதலில் மூன்று பேரை வைத்து 0 முதல் 7 வரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு பத்துப் பேரும் கை தூக்கட்டும்: 1,023. "இன்னும் ஒன்று கூட்டு" என்றால்? கைகள் வலமிருந்து இடமாக மளமளவென்று இறங்கும். கூட்டலின் மீதியை வாங்க பதினோராவது ஆள் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதைச் செய்துவிடுகிறார்கள்.

செயல்பாடு: 78 டிகிரியைத் தேடி

எங்கள் மைதானம் 77 டிகிரி 59.8 நிமிடத்தில் இருக்கிறது என்றால், 78 டிகிரிக் கோடு எவ்வளவு தூரம்? இங்கே தீர்க்கக்கோட்டின் ஒரு நிமிடம் சுமார் 1,826 மீட்டர், 0.2 நிமிடம் 365 மீட்டர். கருவியை ஏந்திக்கொண்டு கிழக்கே நடந்தோம். பாதை காப்பித் தோட்டத்தினூடே வளைந்து சென்றதால், அடியெண்ணிப் பார்த்ததில் நடந்த தூரம் 500 மீட்டரைத் தாண்டியது. தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவியல் ஆசிரியர் அங்கேயே நடத்திவிட்டார். 1802-இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், தெற்கு வடக்காக அளந்துகொண்டு போனது இந்த 78 டிகிரிக் கோட்டை ஒட்டித்தான் என்றதும், பிள்ளைகள் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். உங்கள் ஊரிலும் அருகில் ஏதாவது ஒரு முழு நிமிடக் கோடு இருக்கும், தேடிப் பாருங்கள்.

நான் கற்றது

கருவியின் முதுகில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: 'இடம் சரி. தேதி தவறு. 7,168 நாள் கூட்டுக. தேதியை வைத்து இது சொல்லும் சூரிய உதயம், நிலாப் பிறையை நம்ப வேண்டாம்.' கடலுக்கு இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்பதும் அதில் உண்டு. வயதான கருவி, எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம்.

அந்தச் சீட்டை எழுதிய அன்று மாலை அரையாண்டு விடைத்தாள்களைத் திரும்ப எடுத்தேன். அந்த மாணவியின் தாளில் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றுக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன். வரிவரியாகப் பார்த்தேன். படி சரி, சூத்திரம் சரி, பிரதியிட்டதும் சரி. எதிர்ம எண்ணைக் கழிக்கும் இடத்தில் மட்டும் குறி தவறு. அடுத்த கணக்கிலும் அதே இடம், அதே தவறு. மற்றவை எல்லாம் சரி. கடைசி விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான். அவளுக்குத் தெரியாதது கணக்கு அல்ல. ஒரே ஒரு குறி விதி. எண்கோட்டை வரைந்து இருபது நிமிடத்தில் சரிசெய்ய முடிந்தது. ஒரு பருவம் முழுக்க அதை நான் கண்டுகொள்ளவில்லை. 10.116 என்று எழுதிய எட்டுப் பேரும் அப்படித்தான்: எல்லோரும் ஒரே மாதிரி தவறினார்கள், 60-ஐ நூறாக எண்ணி. ஒழுங்காக வரும் தவறுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இருந்தால் மருந்தும் இருக்கும்.

இப்போது விடைத்தாள் திருத்தும்போது ஒரு சிறிய பழக்கம் வைத்திருக்கிறேன். தவறான விடையின் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதில்லை. எந்த வரியில் தவறு தொடங்கியதோ அந்த வரிக்கு ஒரு புள்ளி வைக்கிறேன். அதற்கு மேலே இருப்பவற்றுக்கு மதிப்பெண் உண்டு. நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது.

மாமனாருக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப இத்தன வருசமும் எடத்தச் சரியாத்தான் சொல்லியிருக்கும்ல?" என்றார். ஆமாம் என்றேன். "பள்ளிக்கூடத்துலேயே இருக்கட்டும் மாப்ள" என்றார். கருவி எங்கள் அறிவியல் அலமாரியில் இருக்கிறது. செல்லைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறோம்.